பேசாத நோயாளி

'மாடு' என்னும் சொல்லுக்கு அகராதியைப் புரட்டிப் பாருங்கள். விலங்கின் பெயர் என்பதோடு 'செல்வம்' என்னும் பொருளும் அங்கே தரப்பட்டிருக்கும். திருவள்ளுவர் 'கல்வி' அதிகாரத்தில் இச்சொல்லை அந்தப் பொருளிலேயே ஆண்டிருக்கிறார். ஒருவரிடம் உள்ள ஆநிரையைக் கொண்டே அவருடைய வளத்தை அளந்த காலம் ஒன்று இருந்தது. அக்காலம் இன்னும் முழுவதும் மறைந்துவிடவில்லை. 2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் மாடுகளும் எருமைகளும் மட்டுமே 30 கோடிக்கு மேல் உள்ளன. ஆடு, பன்றி முதலியவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை 53 கோடியைத் தாண்டுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை பெரும்பண்ணைகளில் இல்லை. சிறு குடும்பங்களின் தொழுவங்களில் ஒன்றிரண்டாகக் கட்டப்பட்டுள்ளன.

நகரங்களில் வளரும் உங்களுக்கு விலங்கு என்றவுடன் வீட்டு நாயும் காட்சிச்சாலைப் புலியும் நினைவுக்கு வருவது இயல்பே. 'எதிர்காலத்தில் நான்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், ஒவ்வோர் ஆண்டும் வகுப்புக்கு இரண்டு மூன்று பேராவது 'எனக்கு விலங்குகள் என்றால் உயிர். ஆகவே கால்நடை மருத்துவர் ஆவேன்' என்று எழுதுகின்றனர். அந்த 'ஆகவே' என்னும் சொல்லுக்குள் எவ்வளவு தொலைவு அடங்கியிருக்கிறது என்பதைக் காண்பதே இப்பாடத்தின் நோக்கம். அன்பு இத்தொழிலின் வாயிற்படி மட்டுமே. அதைக் கடந்து உள்ளே சென்றால், வேறொரு திறன் தேவைப்படுகிறது.

அது என்ன திறன் என்பதை ஒரு நோயைக் கொண்டு விளக்கலாம்.

நன்றாகக் கறக்கும் கறவைப்பசு ஒன்று கன்று ஈன்றிருக்கிறது. அடுத்த நாள் காலையில் அது எழ மறுக்கிறது. தலையைத் திருப்பி விலாவின்மேல் சாய்த்துக்கொண்டு படுத்திருக்கிறது. தீவனத்தைத் தொடவில்லை, அசைபோடவில்லை. வீட்டார் அஞ்சுகின்றனர். மருத்துவர் வருகிறார். மனிதருக்கு மருத்துவம் செய்பவராயின் முதலில் 'என்ன செய்கிறது?' என்று கேட்பார். இங்கே கேட்பதற்கு வழியில்லை. அவர் பசுவின் காதைத் தொடுகிறார், குளிர்ந்திருக்கிறது. மூக்கு நுனியைப் பார்க்கிறார். வழக்கமான ஈரம் இல்லாமல் உலர்ந்திருக்கிறது. இடப்பக்க விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் கைமுட்டியை அழுத்தி வைத்துக் காத்திருக்கிறார். நலமாக உள்ள பசுவாயின் நிமிடத்துக்கு ஓரிரு முறை அதன் பெருவயிறு அசைந்து கையைத் தள்ளும். இப்பொழுது அசைவே இல்லை. வெப்பமானியை வைத்துப் பார்க்கிறார். பசுவின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 101.5 பாரன்ஹீட். இதற்கோ அதைவிடக் குறைந்திருக்கிறது. பிறகு வீட்டாரிடம் திரும்பி, எப்பொழுது ஈன்றது, இது எத்தனையாவது ஈற்று, எவ்வளவு பால் கறக்கும் என்று கேட்கிறார்.

இவ்வளவையும் சேர்த்துப் படித்தபின் அவர் சொல்லும் பெயர் 'பால்காய்ச்சல்'. பெயரில்தான் காய்ச்சல்; உடலில் காய்ச்சல் கிடையாது. ஈன்றவுடன் பால் பெருகிச் சுரப்பதால், குருதியிலுள்ள கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து திடீரெனக் குறைந்துவிடுகிறது. தசைகள் இயங்க அச்சத்து வேண்டும். அது இல்லாமையால் பசு எழ முடியாமல் கிடக்கிறது. உரிய காலத்தில் மருத்துவம் செய்யாவிட்டால் ஒரே நாளில் இறந்தும் போகலாம். மருத்துவர் கால்சியம் கலந்த மருந்தைக் கழுத்துச் சிரையின் வழியாக மெல்ல மெல்லச் செலுத்துகிறார். விரைவாகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். ஆதலால் நெஞ்சுத்துடிப்பைக் கேட்டுக்கொண்டேதான் செலுத்த வேண்டும். சிறிது நேரத்தில் பசு ஏப்பம் விடுகிறது, தசைகள் நடுங்குகின்றன, சாணம் இடுகிறது. பின்னர்த் தடுமாறியவாறே எழுந்து நிற்கிறது. காலையில் செத்துப்போகும் என்று அழுத குடும்பம் மாலையில் பால் கறக்கிறது. கால்நடை மருத்துவத்தில் இதைப்போல் கண்முன்னே பலன் தெரியும் காட்சிகள் சிலவே.

மருத்துவர் அங்கே செய்தது என்ன? காது, மூக்கு, வயிறு, படுக்கை நிலை, சாணம் ஆகியவற்றை அவர் எழுத்துக்களைப்போல் கூட்டிப் படித்தார். கூடவே, வீட்டாரின் பேச்சையும் கேட்டார். பேசாத உயிரைப் படிக்கக் கற்பதே இத்தொழிலின் உயிர்நாடி. அதற்கு எத்தனையோ வாயில்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றே பட்டப்படிப்பு.

பட்டப்படிப்பைப் பற்றி முதலில் பார்ப்போம். கால்நடை மருத்துவமும் பராமரிப்பும் சேர்ந்த இளநிலைப் பட்டப்படிப்பு ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி உட்பட ஐந்தரை ஆண்டுக் காலம் நடைபெறும். பதினொன்றாம் வகுப்பிலேயே இயற்பியல், வேதியியலுடன் உயிரியலையும் எடுத்திருக்க வேண்டும். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டம் இக்கல்வியை நெறிப்படுத்துகிறது. பட்டம் பெற்றபின் பதிவு செய்துகொண்டவரே மருத்துவம் பார்க்கலாம். கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டில் 'நீட்' தேர்வு மதிப்பெண் கொண்டு நிரப்பப்படுகிறது. எஞ்சிய இடங்களுக்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி உண்டு. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களின் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன.

இங்கே உங்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தந்தையின் அல்லது தாயின் பணியிட மாற்றத்தால் நீங்கள் மூன்று மாநிலங்களில் படித்திருக்கலாம். எந்த மாநிலத்தார் என்று எண்ணப்படுவீர்கள், எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பவை கடைசி வாரத்தில் அலைந்து தீர்க்கும் செய்திகள் அல்ல. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்யும். பதினொன்றாம் வகுப்பிலேயே அவ்வாண்டின் சேர்க்கைக் கையேட்டை வீட்டில் அனைவரும் அமர்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதனினும் பழையது இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம். 1889ஆம் ஆண்டு புனேயில் ஓர் ஆய்வகமாகத் தோன்றி, பின்பு இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்துக்குப் பெயர்ந்து, இன்று பரேலியை அடுத்த இசத்நகரில் தலைமையகத்தைக் கொண்டுள்ளது. பரேலியில் வாழும் மாணவர்கள் அதன் மதிலை நாள்தோறும் கடந்து செல்லக்கூடும். அந்நிறுவனம் தோன்றிய காலத்தில் வெக்கை நோய் என்னும் கொள்ளைநோய் மாடுகளை ஊர் ஊராக அழித்துக்கொண்டிருந்தது. முக்தேசுவரத்தில் 1920களில் வெள்ளாட்டின் உடலில் வளர்த்து வீரியம் குறைக்கப்பட்ட தடுப்பு மருந்து ஒன்று உருவாக்கப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் ஊர் ஊராகச் சென்று ஊசி போட்டவர்கள் எண்ணற்றோர். 2011ஆம் ஆண்டு வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதர் அடியோடு ஒழித்த நோய் அது ஒன்றே. பெரியம்மை ஒழிந்த கதையைப் பாடநூல்கள் சொல்கின்றன. மாட்டின் கதையை ஏனோ அவ்வளவாகச் சொல்வதில்லை.

இனி, காட்டுக்குள் செல்வோம்.

தமிழ்நாட்டு வனத்துறையில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றியவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி. முதுமலையிலும் ஆனைமலையின் டாப்சிலிப்பிலும் யானைகளோடு வாழ்ந்தவர். முகாம் யானைகளுக்கு உணவு, ஓய்வு, மருத்துவம் ஆகியவை முறையாகக் கிடைக்க உழைத்தார். காட்டில் இறந்துகிடக்கும் யானையை அப்படியே விட்டுவிடாமல், அதன் உடலை அறுத்துச் சோதித்து, இறப்பின் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று வலியுறுத்தினார். அழுகத் தொடங்கிய பேருடலின் நாற்றத்துக்கும் புழுக்களுக்கும் நடுவே நின்று செய்ய வேண்டிய பணி அது. ஏன் இறந்தது என்று தெரிந்தால்தானே அடுத்த யானையைக் காக்க முடியும்? நோயா, வேட்டைக்காரனின் குண்டா, மின்சாரமா என்பதை அவ்வுடல் ஒன்றே சொல்லும். எழுத்தாளர் ஜெயமோகன் இவரை மையமாக வைத்து எழுதிய 'யானை டாக்டர்' என்னும் கதை 'அறம்' தொகுப்பில் உள்ளது. நீங்கள் எழுத்துக்கூட்டியாவது படிக்க வேண்டிய கதை அது என்பது என் எண்ணம்.

மருத்துவர் வருவது எப்பொழுதாவதுதான். இருபத்துநான்கு மணி நேரமும் யானையோடு இருப்பவர் பாகன். நீங்கள் வாழும் வடமாநிலங்களில் 'மகாவத்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அச்சொல்லே தமிழ்நாட்டு முகாம்களில் 'மாவுத்தன்' என்று வழங்குகிறது. அவருடைய துணையாளருக்குக் 'காவடி' என்று பெயர். தோளில் சுமக்கும் காவடியோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டா. யானை நேற்றைவிட ஒரு கவளம் குறைவாக உண்டதையும், முன்னங்காலை ஊன்றத் தயங்குவதையும் முதலில் காண்பவர்கள் இவர்களே. முதுமலையின் தெப்பக்காடு முகாமில் தாயற்ற யானைக்கன்றுகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய ஆவணப்படம் 2023ஆம் ஆண்டு ஆஸ்கர் விருது பெற்றது. அதே ஆண்டு பெள்ளி அம்மையார் தமிழ்நாட்டின் முதல் நிரந்தரப் பெண் காவடியாகப் பணியமர்த்தப்பட்டார். தாயை இழந்த கன்று பால் குடிக்க மறுக்கும்பொழுது, அதை எப்படிக் குடிக்கவைப்பது என்பதை எந்தக் கல்லூரியிலும் அவர் கற்கவில்லை.

பட்டம் இல்லாத அறிவுக்கு இன்னொரு சான்று செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் இருளர் பழங்குடியினர். மண்ணில் தெரியும் மெல்லிய தடத்தைக் கண்டே, சென்றது எந்தப் பாம்பு, எப்பொழுது சென்றது என்று அவர்கள் அறிவர். ஒரு காலத்தில் பாம்புத்தோல் வணிகத்துக்காக அவர்கள் பாம்பு பிடித்தனர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த தடைகளும் தோல் வணிகத்தை நிறுத்தின. பாம்புகள் பிழைத்தன; இருளர்களின் பிழைப்பு போயிற்று. பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978ஆம் ஆண்டு மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கு பாம்புகளையும் உரிமத்தோடு பிடித்து வந்து மண்பானைகளில் வைத்திருப்பர். சில வாரங்களில் சில முறை நஞ்சு எடுத்தபின் அவற்றைக் காட்டிலேயே விட்டுவிடுவர். அந்த நஞ்சைக் கொண்டே பாம்புக்கடிக்கான மருந்து ஆக்கப்படுகிறது. சிறிதளவு நஞ்சைக் குதிரைக்குச் செலுத்த, குதிரையின் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அதைப் பிரித்தெடுத்தால் மனிதரின் உயிர் காக்கும் மருந்து. அக்குதிரைகளைப் பேணவும் கால்நடை மருத்துவர் வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

இச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் 2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் காட்டினர். 2023ஆம் ஆண்டு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. (இதைப் படித்துவிட்டுக் குடியிருப்பில் நுழைந்த பாம்பைப் பிடிக்க எவரும் முனைய வேண்டா. உரிமமின்றிப் பாம்பு பிடிப்பது சட்டப்படி குற்றம். வனத்துறைக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டு எட்டி நிற்பதே உங்கள் வேலை.)

இராணுவக் குடியிருப்புகளில் வளர்வோர் அறிந்த உலகம் ஒன்று உண்டு. குதிரைகளையும் நாய்களையும் பேணுவதற்கென்றே இராணுவத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. 1779ஆம் ஆண்டில் தோன்றிய அப்பிரிவின் பயிற்சி மையம் மீரட்டில் உள்ளது. கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் அங்கே அதிகாரிகளாகச் சேரலாம். வெடிபொருளை மோப்பம் பிடிக்கும் நாய்களும், பனிச்சரிவில் புதைந்தோரைத் தேடும் நாய்களும் தத்தம் கையாளுநரோடு இணைந்தே பயில்கின்றன. எல்லைப் பாதுகாப்புப் படைக்கும் குவாலியரை அடுத்த தேகன்பூரில் நாய்ப் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. நாய் எதையோ கண்டுவிட்டது என்பதைக் கையாளுநர் அதன் வால், காது, மூச்சு ஆகியவற்றின் சிறு மாற்றத்தால் அறிகிறார். அதைப் படிக்கத் தவறினால், பின்னால் வரும் படைவீரர்களின் உயிருக்கே ஆபத்து.

பிற வாயில்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். அரியானாவின் கர்னாலில் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. தேராதூனில் 1982ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்திய வன உயிரின நிறுவனத்தில் காட்டு விலங்குகளின் வாழ்வைப் பற்றி முதுநிலைப் படிப்பு உண்டு. சில மாநிலங்களில் கால்நடை ஆய்வாளர் பணிக்கான பட்டயப் படிப்புகளும் உள்ளன. சென்னைப் பாம்புப் பண்ணைக்குக் கல்லூரி மாணவியாகச் சென்று ஆர்வத்தால் உதவத் தொடங்கிய ஜெ. விஜயா, ஆமைகளை ஆராய்ந்து, இந்தியாவின் முதல் பெண் ஊர்வன அறிஞராக அறியப்பட்டார். அவர் 1982ஆம் ஆண்டு மீண்டும் கண்டறிந்த காட்டு ஆமையின் அறிவியல் பேரினப் பெயரிலேயே இன்று அவர் பெயர் இருக்கிறது. குஜராத்தின் ஆனந்தில் பால் கூட்டுறவை வளர்த்து நாட்டின் பால்வளத்தைப் பெருக்கிய வர்கீஸ் குரியனோ சென்னைக் கிண்டியில் படித்த பொறியாளர்.

இத்தொழில்களின் மறுபக்கத்தை மறைப்பது உங்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது. கால்நடை மருத்துவர் குணப்படுத்துவதற்கு மட்டும் இல்லை. மீள முடியாத வேதனையில் உள்ள விலங்கின் உயிரை வலியின்றிப் போக்குவதும் அவர் கையில்தான் இருக்கிறது. பறவைக்காய்ச்சல் பரவினால், நோயில்லாத கோழிகளையும் சேர்த்து அழிக்கும் பணியை அவரே மேற்பார்வையிட வேண்டும். இறைச்சிக்கூடத்தில் இறைச்சியைச் சோதித்து முத்திரையிடுவதும் அவர் பணிகளுள் ஒன்று. வீட்டில் புலால் உண்ணாத மாணவர்கள் இதையும் எண்ணிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். உதை, கடி, கீறல் ஆகியவை அன்றாடம் நிகழ்பவை. வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிது. ஆதலால் இப்பணியில் இருப்போர் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்கின்றனர். இவற்றோடு பணமும் குறுக்கே வரும். ஒரே பசுவை வைத்திருப்பவரிடம், 'இதற்கு மருத்துவம் செய்யும் செலவு பசுவின் விலையைவிடக் கூடுதல்' என்று சொல்ல நேரும் நாளும் வரும். அவரும் தம் பசுவிடம் அன்பு வைத்தவர்தாம். அந்நாளில் மருத்துவர் விலங்கை மட்டுமன்றி அம்மனிதரையும் படித்தாக வேண்டும். மனிதரோடு பேசப் பிடிக்காமல் விலங்கைத் தேடி வருவோர் இத்தொழிலில் மிகவும் இடர்ப்படுவர்.

உங்களுக்கு இத்திறன் வருமா என்று அறிய நுழைவுத்தேர்வு வரை காத்திருக்க வேண்டா. ஒரே ஒரு விலங்கைத் தேர்ந்துகொள்ளுங்கள். தெரு நாயோ, பால்காரர் வீட்டு எருமையோ, சன்னலில் வந்து அமரும் புறாவோ, எதுவாயினும் ஆகுக. தொட வேண்டா, தீனி போட வேண்டா. ஒரு மாதக் காலம் நாள்தோறும் பத்து நிமிடம் தொலைவில் நின்று பாருங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். 'நாய் சோகமாக இருந்தது' என்று எழுதுவது கண்டது ஆகாது. அது நீங்கள் எண்ணியது. 'வாலைத் தாழ்த்தி, சுவரை ஒட்டி, இடப் பின்னங்காலைத் தூக்கியபடி நடந்தது' என்பதே கண்டது. முதல் வாரம் எழுத ஒன்றும் இராது. மூன்றாம் வாரத்தில் பத்து நிமிடம் போதாமல் போனால், உயிரியல் பாடத்தை விருப்பத்தோடு எடுங்கள்.

சொல் அறிவோம்
ஆநிரை – பசுக்கூட்டம்; ஈற்று – கன்று ஈனுதல்; சிரை – இதயத்துக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்; பட்டயம் – பட்டத்துக்கு முந்தைய நிலையிலுள்ள தொழிற்கல்விச் சான்று; கவளம் – ஒரு வாய் அளவுள்ள உணவு உருண்டை.

எண்ணி எழுதுக
1. 'பால்காய்ச்சல்' என்னும் பெயர் அந்நோயின் தன்மைக்குப் பொருந்துகிறதா? பாடத்தில் உள்ள சான்றுகளைக் காட்டி விடை எழுதுக.
2. மருத்துவர், காவடி, நாயைக் கையாளுநர் ஆகிய மூவரும் தத்தம் விலங்கில் எவ்வெவற்றைக் கூர்ந்து பார்க்கின்றனர்?
3. 'பாம்புகள் பிழைத்தன, இருளர்களின் பிழைப்பு போயிற்று.' இத்தொடரில் 'பிழை' என்னும் அடியிலிருந்து பிறந்த இரு சொற்களின் பொருள் வேறுபாட்டை எழுதுக.

செய்து பார்க்க
ஊரிலுள்ள தாத்தா, பாட்டி, மாமா ஆகியோருள் மாடு வளர்த்த ஒருவரைத் தொலைபேசியில் அழையுங்கள். காரி, செவலை, மயிலை என்பன எந்த நிற மாடுகளைக் குறிக்கும், கோமாரி, அடைப்பான் என்னும் நோய்கள் வந்தால் மாட்டிடம் முதலில் என்ன மாற்றம் தெரியும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வாருங்கள். நீங்கள் வாழும் ஊரின் பால்காரரிடம் அவற்றுக்கு அவர் மொழியில் உள்ள பெயர்களைக் கேட்டு, தமிழ் எழுத்தில் எதிரே எழுதுங்கள்.